ஓணானைக் கண்டால் காது கேட்காத ஜாக் ரஸ்ஸல்

வீட்டுக்குள் ‘சிட்’ என்றால் உட்காரும். ‘ஸ்டே’ என்றால் அசையாது. விருந்தாளி வந்தால் கை கூடக் கொடுக்கும். அதே நாய், வேலியோரம் ஓர் ஓணான் தலையாட்டியதும் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் நாய்க்கு ஒன்றரை வயது ஆவதற்குள் இந்தச் சுவரில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். திமிர் பிடித்த நாய் என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள்.

இந்த இனத்தின் வேலையைத் தெரிந்துகொண்டால் அந்தப் பெயரை வைக்க மனம் வராது. இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல், 1819-இல் ஒரு பால்காரரிடம் வாங்கிய ‘ட்ரம்ப்’ என்ற பெட்டை நாயிலிருந்துதான் இந்த வம்சக் கதை தொடங்குகிறது. நரி வளைக்குள் ஓடினால் பின்னாலேயே புகுந்து, இருட்டில் குரைத்துக் குரைத்து அதை வெளியே விரட்ட வேண்டும். கொன்றுவிடவும் கூடாது, பயந்து திரும்பிவிடவும் கூடாது. மண்ணுக்கடியில் எசமானின் குரல் எட்டாது. எல்லா முடிவையும் நாயே எடுத்தாக வேண்டும். இன்றைய சர்வதேச இன விதியும் வளையை மறக்கவில்லை: உயரம் 25 முதல் 30 செ.மீ., ஒவ்வொரு 5 செ.மீ. உயரத்துக்கும் 1 கிலோ எடை, நெஞ்சுச் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ. பொந்துக்குள் மாட்டிக்கொள்ளாத அளவு உடம்பு, யாரையும் கேட்காத மூளை.

ஆகவே இந்த நாய்க்கு மேல்நிலைப் பயிற்சி என்றால் புதுப்புது வித்தைகள் கற்றுக்கொடுப்பது அல்ல. ஓடுகிற ஓட்டத்தின் நடுவில் நிற்கக் கற்றுக்கொடுப்பது. அதற்குத் துரத்தலை அடக்கப் பார்ப்பதைவிட, துரத்தலையே கூலியாகக் கொடுப்பதுதான் வேலைக்கு ஆகும்.

முதலில் சொற்களைச் சரிசெய்ய வேண்டும். தமிழில் கட்டளை கொடுக்கும் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு: படு, விடு, எடு மூன்றும் ஒரே ஓசையில் முடிகின்றன. நாய் ஓசையைத்தான் பிடிக்கிறது, அர்த்தத்தை அல்ல. மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘டவுன்’ (படுக்க), ‘விடு’ (வாயில் இருப்பதைப் போட), ‘பிடி’ (பாய்ந்து பிடிக்க) என்று வைத்தால் குழப்பம் இல்லை. ‘வா’ என்பதும் உதவாது. வீட்டில் ஒரு நாளைக்கு நூறு முறை யாராவது யாரையாவது ‘வா’ என்று கூப்பிடுகிறார்கள். இருந்த இடத்திலிருந்து எழுந்துகொள்ளலாம் என்று சொல்லும் ரிலீஸ் வார்த்தையாக ‘சரி’ என்று வைப்பவர்கள், போனில் “சரி சரி” என்றதும் நாய் ‘ஸ்டே’யிலிருந்து எழுந்து போவதைப் பார்த்து அதைத் திட்டுகிறார்கள். ‘போலாம்’ மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். இது பயிற்சியில் பாதி வேலை. நாயைவிட வீட்டு ஆட்களைப் பழக்குவதுதான் கஷ்டம்.

கையசைவும் சொல்லும் சேர்ந்தே வந்தால் நாய் கையை மட்டும் கற்றுக்கொள்ளும், சொல் காதில் ஏறாது. சொல் முதலில், ஒரு நொடி கழித்துக் கை. இந்த வரிசை மாறாமல் நாற்பது ஐம்பது முறை போனால், கை வருவதற்கு முன்பே உடம்பு அசையத் தொடங்கும். சொல் பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அடுத்தது தீனிக் கணக்கு. 6 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 430 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட்டாகப் போகக் கூடாது. தோல் நீக்கி உப்பு, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 25 கிராம் எடுத்தால் அந்தப் பங்கு முடிந்தது. அதையே பட்டாணி அளவுக்கு வெட்டினால் அறுபது எழுபது துண்டு வரும். விரலளவு பிஸ்கெட்டாகக் கொடுத்தால் ஐந்தாவதிலேயே நாய்க்கு அலுத்துவிடும், இரண்டு மாதத்தில் இடுப்பும் காணாமல் போகும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த எதுவும் கூடாது.

ஒரு அமர்வு மூன்று நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. பத்து முறை சொன்னதில் எட்டு முறை சரியாகச் செய்தால் கடினத்தைக் கூட்டலாம். ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்க வேண்டும். கூட்டும்போது தூரம், நேரம், கவனச் சிதறல் மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். பத்து மீட்டரில் படுக்கும் நாய், பக்கத்தில் காக்கை உட்கார்ந்திருந்தால் இரண்டு மீட்டரில்கூடப் படுக்காமல் போகலாம். அன்றைக்கு இரண்டு மீட்டரில் வேலை பாருங்கள், அவ்வளவுதான்.

வாயைக் கவனியுங்கள். வழக்கமாக உதட்டால் பொறுக்கும் நாய் திடீரென்று பல் பட வெடுக்கென்று பிடுங்கினால் அதன் சூடு ஏறிவிட்டது. ட்ரீட்டையே திரும்பிப் பார்க்கவில்லை என்றால் எல்லை தாண்டிவிட்டது. அதற்கு மேல் சொல்வது எதுவும் உள்ளே போகாது. ஜாக் ரஸ்ஸல் தானாகத் தணியும் நாய் அல்ல. மூன்று நிமிட வேலைக்குப் பிறகு இரண்டு மூன்று நிமிடம் ஒரு பாயில் படுக்க வைத்து, முன்னங்கால்களுக்கு நடுவே ஒவ்வொரு துண்டாக வைப்பதையும் பயிற்சியின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி முக்கியமான கருவி. தூண்டில் மாதிரி ஒரு குச்சி. நாய்க்காரர்கள் ‘ஃப்ளர்ட் போல்’ (flirt pole) என்பார்கள். ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் பிவிசி குழாய் நாலடி, மெல்லிய நைலான் கயிறு பத்தடி வாங்கினால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கயிற்றைக் குழாய்க்குள் கோத்துக் கைப்பிடிப் பக்கம் பெரிய முடிச்சுப் போடுங்கள். மறுமுனையில் பழைய ஜீன்ஸ் துணியைக் கிழித்துப் பின்னிய ஒரு சாண் நீளப் பின்னல். எலாஸ்டிக் கயிறு வேண்டாம். நாய் வாயிலிருந்து விட்டதும் கண்ணுக்குத் தெறிக்கும். துணி எப்போதும் தரையை ஒட்டியே ஓட வேண்டும். அந்தரத்தில் ஆட்டினால் நாய் முறுக்கிக்கொண்டு குதிக்கும், முழங்கால் போகும். டைல்ஸ், கிரானைட் தரையில் கூடவே கூடாது. ஒரு வயது தாண்டாத குட்டிக்கு மெதுவான அசைவு மட்டும். மொட்டை மாடியில் செய்வதானால் கைப்பிடிச் சுவரை நம்பாதீர்கள். நாலடிச் சுவரைத் தாண்டும் ஜாக் ரஸ்ஸல் உண்டு. அங்கேயும் ஹார்னஸும் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்) கயிறும் இருக்கட்டும்.

துணி தரையில் அசையாமல் கிடக்கும்போது ‘டவுன்’. முழங்கை தரையைத் தொட்ட அதே கணம் ‘பிடி’, துணி ஓடத் தொடங்கும். அதாவது படுத்ததற்குக் கூலி கோழி அல்ல, துரத்தல். நாய் அதிகம் விரும்பிச் செய்யும் செயலை, விரும்பாத செயலுக்குப் பரிசாக்குவது. உளவியலில் டேவிட் பிரிமாக்கின் பெயரால் சொல்லப்படும் விதி இது. பாட்டிமார்கள் “பாடத்தை முடி, அப்புறம் விளையாடப் போ” என்றதும் இதே விதிதான்.

நிற்கும் துணிக்கு எட்டு முறை படுத்துவிட்டால், துணியை நாயின் மூக்குக்கு முன்னால் மெல்ல நகர்த்திக்கொண்டே சொல்லுங்கள். அதற்கடுத்து, துரத்திக்கொண்டிருக்கும்போது துணியைச் சட்டென்று நிறுத்தி, நின்ற பிறகு ‘டவுன்’. இங்கே நாய் நின்று உங்களையே பார்க்கும், குரைக்கும், துணியைக் கவ்வப் பார்க்கும். ஐந்தாறு நொடி வாயைத் திறக்காமல் இருங்கள். இந்த இடத்தில்தான் ஆட்கள் “டவுன், டவுன், டவுன்டா” என்று அடுக்கிக் காரியத்தைக் கெடுப்பார்கள். அதற்குப் பிறகு நாய்க்கு ‘டவுன்’ என்றால் நான்காவது முறை படுப்பது என்று அர்த்தமாகிவிடும். கடைசிப் படியில் துணி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நாய் ஓட்டத்திலேயே விழுந்து படுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதற்கு முந்தைய படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓணான் நின்று காத்திருக்காது என்பதால் இந்தக் கடைசிப் படி இல்லாமல் முந்தையவை எல்லாம் வெறும் விளையாட்டு. ஒரு அமர்வுக்குள் ஐந்தாறு துரத்தல்தான். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நொடி.

கவ்வியதை வாங்க ‘விடு’ வேண்டும். இழுபறியில் கையை முழங்காலோடு ஒட்டி அசைவை நிறுத்திவிட்டால் துணி செத்துப்போகும். செத்த துணியில் டெரியருக்குச் சுவாரஸ்யம் இல்லை. விட்டதும் மறுபடி உயிர் கொடுங்கள். வாயைப் பிளந்து பிடுங்கினால் அடுத்த முறை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இழுக்கும்போது பக்கவாட்டில் மட்டும் அசையுங்கள். நாயைக் கயிற்றோடு மேலே தூக்கினால் கழுத்தெலும்புக்கு ஆகாது.

தூரத்தில் படுக்க வைப்பதை இதற்கு இணையாகச் செய்து வரலாம். அமெரிக்க கென்னல் கிளப் போட்டிகளில் ‘ஓப்பன்’ என்ற நடுப்பிரிவில் இது தனிப் பயிற்சி: ‘கம்’ என்றதும் ஓடிவரும் நாய், நடுவழியில் ‘டவுன்’ என்றதும் விழுந்து படுக்க வேண்டும். மொத்தம் 200 மதிப்பெண்ணில் 170 எடுப்பதோடு, ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்தால்தான் தேர்ச்சி. போட்டிக்குப் போகாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கதவிடுக்கில் நழுவித் தெருவின் அந்தப் பக்கம் போய்விட்ட நாயைக் கூப்பிட்டால் நடுவில் வரும் வண்டிக்கு முன்னால் ஓடி வரும். அங்கேயே படுக்க வைக்கத் தெரிந்தால் நீங்கள் போய் எடுத்து வரலாம்.

முதலில் படுக்கும் விதம். உட்கார்ந்து பிறகு படுக்கும் நாய்க்கு ஓட்டத்தில் படுக்க வராது. நிற்கும் நிலையிலிருந்து முழங்கைகள் முதலில் இறங்கி, பின்பக்கம் பின்னால் மடங்க வேண்டும். ட்ரீட்டை முன்னங்கால்களுக்கு நடுவே தரையோடு நெஞ்சை நோக்கித் தள்ளினால் இது தானாக வரும். 25 செ.மீ. உயர நாயின் மேல் ஆறடி ஆள் குனிந்தால் அதற்கு வானம் சாய்கிற மாதிரி இருக்கும். தரையில் உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள், பிறகு முக்காலி, பிறகு நின்றபடி.

படுத்ததற்கு ட்ரீட்டை உங்கள் கையால் கொடுத்துக்கொண்டே இருந்தால், தூரம் கூடக்கூட நாய் நாலடி ஊர்ந்து வந்து படுக்கும். அதன் பார்வையில் தவறு ஏதும் இல்லை; சம்பளம் உங்களிடம்தானே கிடைக்கிறது. ஆகவே படுத்ததும் துண்டை அதன் தலைக்கு மேலாக, பின்பக்கம் விழும்படி எறியுங்கள். தூரம் ஒரு மீட்டர், மூன்று, ஐந்து, பத்து, இருபது. ஊர்வது நிற்கவில்லை என்றால் நடுவே ஒரு தாழ்வான பலகையைத் தடுப்பாக வையுங்கள். இன்னொரு கோளாறு இதற்கு நேர்மாறானது: ‘கம்’ என்றதும் நாய் தயங்கித் தயங்கி வருவது. எப்படியும் நடுவில் படுக்கச் சொல்லப் போகிறார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஐந்து முறை கூப்பிட்டால் ஒரு முறை மட்டும் படுக்கச் சொல்லுங்கள். மற்ற நான்கு முறையும் முழு வேகத்தில் வந்து முழுப் பரிசு வாங்கட்டும்.

கூப்பிடுவதற்கு விசில் நல்லது. கோபமோ பதற்றமோ அதில் தெரியாது. மூன்று சிறு ஊதல் என்று ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் வாட்ச்மேன் ஊதும் விசிலிலிருந்து வேறுபட்ட ஓசையாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் உங்கள் நாயின் பயிற்சி கரையும். ஒரு வாரம், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் பத்து முறை ஊதல், உடனே ஒரு துண்டு. அவ்வளவுதான், கூப்பிடுவதுகூட இல்லை.

வெளியே போகும்போது 10 மீட்டர் கயிறு. கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். ஓட்டத்தில் கயிறு தீரும்போது விழும் இழுப்பு முழுவதும் மூச்சுக்குழாயில் இறங்கும். சின்ன நாய்களுக்கு அது ஏற்கெனவே பலவீனமான இடம். ஒய் வடிவ ஹார்னஸின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். கயிற்றின் நுனியில் கைப்பிடி வளையம் வேண்டாம், செடியில் சிக்கும். கயிறு ஓடும்போது கையால் பிடித்தால் உள்ளங்கை கிழியும், காலால் மிதியுங்கள். சுருட்டி விரியும் பெட்டி லீஷ் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அது எப்போதும் இழுத்துக்கொண்டே இருப்பதால், இழுத்தால் நீளம் கிடைக்கும் என்றுதான் நாய் கற்கும்.

எப்போது ஊதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாய்வதற்கு ஒன்றிரண்டு நொடி முன்பு ஜாக் ரஸ்ஸலின் உடம்பு சொல்லிவிடும். மடிந்த காது முன்னால் வரும், வால் விறைக்கும், சில சமயம் ஒரு முன்னங்கால் மடங்கும். அந்த நொடியில் ஊத வேண்டும். பாய்ந்த பிறகு ஊதுவது தொடக்கக் காலத்தில் விசிலைப் பாழாக்குவதுதான். உருளாத பந்து, உருளும் பந்து, காக்கை, மரத்தின் மேல் அணில், தரையில் அணில், பூனை என்று வரிசை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்கும்போது தொடங்குங்கள்.

வந்த நாயின் பட்டையை முதலில் தொடுங்கள், பிறகு துண்டு. வரிசை மாறினால் துண்டை வாங்கிக்கொண்டு கைக்கு எட்டாத தூரத்தில் நின்று நடனமாடும். பிறகு அணில் ஏறிய மரத்தடிக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய் ஆசை தீர மோந்து பார்க்க விடுங்கள். கூப்பிட்டதும் வந்ததால்தான் அணில் வாசனை கிடைத்தது என்ற கணக்கு அதன் தலையில் ஏறட்டும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை மறுபடி விட்டுவிட வேண்டும். வந்தவுடன் லீஷ் மாட்டி வீட்டுக்கு இழுத்துப்போனால் விசில் என்பது விளையாட்டு முடிந்த மணி ஆகிவிடும். இதெல்லாம் வேலியுள்ள இடத்தில். தெருவில் கயிற்றைக் கழற்றும் அளவுக்கு எந்த நாயும் பழகவில்லை.

ஷாக் காலர், முள் பட்டை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வலித்தால் பின்வாங்காமல் முன்னேறும்படி வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது. துரத்தும்போது கொடுக்கும் அதிர்ச்சியை அது உங்கள் கட்டளையோடு சேர்க்காமல் எதிரே இருக்கும் பூனையோடோ பக்கத்து வீட்டுக் குழந்தையோடோ சேர்த்துக்கொள்ளலாம். வேல்ஸ் நாட்டில் ஷாக் காலரை 2010-இலேயே தடை செய்துவிட்டார்கள்.

‘ஹீல்’ (காலோடு ஒட்டி நடப்பது) பற்றி ஒரு வார்த்தை. சின்ன நாய் காலைவிட்டு விலகி நடப்பதற்குப் பெரும்பாலும் உங்கள் செருப்புதான் காரணம், மிதிபடுமோ என்ற பயம். நீளமான மரக்கரண்டி நுனியில் சர்க்கரையோ சைலிட்டாலோ சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் தடவி முழங்காலுக்குப் பக்கத்தில் பிடித்தால் குனியாமல் பழக்கலாம். திருப்பங்களுக்கு 4 செ.மீ. உயரப் பலகையில் முன்னங்கால் வைத்துப் பின்னங்காலால் சுற்ற வைக்கப் பழக்குங்கள். பின்னங்கால் என்று ஒன்று இருப்பதே பல நாய்களுக்கு அப்போதுதான் தெரியவரும். நடையில் சுறுசுறுப்பு வேண்டும். நீங்கள் உலாத்தினால் அது மோப்பம் பிடிக்கப் போய்விடும்.

கோடையில் தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் வெளிப் பயிற்சி இல்லை. அந்த நாட்களில் வீட்டுக்குள் மோப்ப வேலை கொடுங்கள். ஒரே மாதிரி ஐந்து தோல் துண்டுகளில் நான்கை ஒரு பலகையில் கட்டி வையுங்கள், இடுக்கியால் மட்டும் தொட்டு. ஐந்தாவதை உள்ளங்கையில் அரை நிமிடம் தேய்த்துக் கட்டாமல் வையுங்கள். உங்கள் வாசனையுள்ளதை நாய் கவ்வி எடுக்க வேண்டும். தவறானது வாயோடு வராது, சரியானது வரும், திட்டவே தேவையில்லை. பத்து நிமிட மோப்பத்துக்குப் பிறகு நாய் தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நன்றாகச் செய்துகொண்டிருந்த நாய் திடீரென்று மறுத்தால் முதலில் உடம்பைப் பாருங்கள். ஓடும்போது நாலைந்து எட்டு ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு தாவி, பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடினால் முழங்கால் சில்லு விலகுவதாக இருக்கலாம். தாண்டும் உயரத்தைக் கணக்குத் தவறித் தாண்டினாலோ, கண் சிவந்து கலங்கினாலோ, கண்வில்லை இடம்பெயர்கிறதா என்று அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த இனத்தில் பரம்பரையாக வருவது அது. தாமதித்தால் பார்வை போகும்.

காது கேட்காதது நிஜமாகவே காது கேட்காததாகவும் இருக்கலாம். வெள்ளை அதிகமுள்ள ஜாக் ரஸ்ஸல்களில் பிறவிச் செவிடு உண்டு. ஒரு பக்கம் மட்டும் கேட்காத நாய் வருடக் கணக்கில் வெளியே தெரியாமலேயே வளர்ந்துவிடும். அது விசிலைக் கேட்கும், திரும்பும், ஆனால் திசை தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். அப்படியானால் ஊதிய கையோடு ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி வீசுங்கள். ‘டவுன்’ சொல்லுக்கும் வீசாமல் உயர்த்திய உள்ளங்கையைச் சேர்த்துவிட்டால், இருபது மீட்டரில் நிற்கும் நாய்க்கு அந்தக் கை போதும்.